வயிற்றில் ஏறி விரலில் இறங்கிய மருந்து

இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, என் மனைவியின் வயிற்றில் நானே ஊசி போட்டேன். பதினோரு விநாடி. எண்ணினேன்.

பயப்படாதீர்கள். டாக்டர் சொல்லித்தான்.

கோமதிக்கு மூட்டுவாதம். விரல்கள் வீங்கி, காலையில் பேஸ்ட் மூடியைக்கூடத் திருக முடியாது. ஒரு வருஷமாக செம்பூர் ஆஸ்பத்திரியில் ஆன்டிபாடி மருந்து ஏற்றினார்கள். உடம்புக்குள் வீக்கத்தைக் கிளப்பிவிடும் பொருளைத் தேடிப் பிடித்து அடக்கும் புரதம் அது. மாதம் ஒருமுறை டிரிப். கொஞ்சம் தேவலையாகும், அடுத்த டிரிப்புக்குள் மறுபடி வீங்கிவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுகளை எண்ணுவேன். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. முப்பதானால் சிஸ்டரைக் கூப்பிடுவேன்.

திடீரென்று டாக்டர், "இனிமே அதே மருந்தை வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கலாம்" என்று பேனா மாதிரி ஊசி ஒன்றைக் கொடுத்தார்.

சொட்டே தெரியாத மருந்தை எப்படி நம்புவது?

"மாத்திரையாக் கிடையாதா?"

"இதுவும் புரதம்தான் சார். முழுங்கினா, பருப்புன்னு நினைச்சு வயிறு ஜீரணம் பண்ணிடும்."

கோமதியின் கவலை வேறு. உல்லாஸ்நகரில் இருக்கும் தங்கையைப் பார்த்துப் பதினாலு மாதம் ஆகிறது. காரில் போகலாம் என்றால் கேட்கமாட்டாள். "என்னைப் பார்சல் பண்ணாதீங்கோ. டிரெயின் கம்பியைப் பிடிக்க முடிஞ்சா நானே போயிடுவேன்."

ஆக, அந்தப் பேனாவில் இருந்தது மருந்து மட்டுமல்ல.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, முப்பது நிமிஷம் வெளியே வைத்து, போட்டேன். போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு புடைப்பு. அரை மணி நேரம் கழித்தும் அப்படியே. மருந்து நகரவே இல்லையே…! ஊசி போட்டால் தேய்த்துவிட வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை நான். தேய்த்தேன். போதாதென்று உப்பை வறுத்துத் துணியில் கட்டி, ஏழு நிமிஷம் ஒத்தடமும் கொடுத்தேன்.

புடைப்பு சிவந்தது. மறுநாள் காலை விரல்கள் கட்டைபோல் இருந்தன. கெடுத்துவிட்டேனா?

ஜெபா சிஸ்டருக்குப் போன் போட்டேன். ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர். தாராவியில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

"தேய்க்கக் கூடாதுன்னு மூணு மட்டம் சொன்னேன்லா அங்கிள்! ஒத்தடம் வேறயா? ஸ்லோ லோக்கல் டிரெயின பின்னாடி நின்னு தள்ளுதீயளோ?"

"மருந்து வீணாயிடுத்தா சிஸ்டர்?"

"அதெல்லாம் ஆவாது. செவப்பு பெருசானா கூட்டிட்டு வாங்க. டிரிப்புன்னா நேரா ரத்தத்துல ஏறிரும். எடையில நிக்காத ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி. இது ஸ்டேஷன் ஸ்டேஷனா நிக்கிற ஸ்லோ. பெரிய சைஸ் மருந்து, சின்ன ரத்தக் குழாய்ல லேசுல நொழையாது. நிணநீர்க் குழாய் இருக்குல்லா, அது வழியா மெள்ள மேல போயி, கழுத்துக்கிட்டதான் ரத்தத்துல சேரும். நாலஞ்சு நாளாவது ஆவும். வழியில கொஞ்சம் எறங்கியும் போயிரும். அதுக்கும் சேத்துத்தான் டோஸ். டென்ஷன் மத் லோ, கவலப்படாதீய அங்கிள்!"

போனை வைத்துவிட்டுக் கோமதியைப் பார்த்தேன். பீன்ஸ் நறுக்க முடியாமல், கையால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தோரு வருஷமாகப் பார்க்கும் உடம்பு. அதற்குள் எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு ரயில் பாதையா? அந்தப் பாதைக்கு இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாதாம். குழாய்கள் தாமே சுருங்கி விரிகின்றன. மூச்சு விடுவதும் கை கால் அசைப்பதும் மிச்சத்தைத் தள்ளுகின்றன. அவள் பீன்ஸ் உடைக்க உடைக்க, மருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஏறி, கழுத்தடியில் வண்டி மாறி, சுண்டுவிரல் முட்டியில் இறங்க வேண்டும். வண்டி வரும் நேரம் காட்டும் இண்டிகேட்டர் இல்லை, அறிவிப்பு இல்லை… யார் இதற்கெல்லாம் டைம்டேபிள் போட்டார்கள்?

எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல், முதல்முறையாக, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் காலை பாத்ரூமிலிருந்து குரல் வந்தது.

"ஏன்னா, பேஸ்ட் மூடி கழண்டுடுத்து!"

நேற்று தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி வந்து நின்றது. "ஒரு ஸ்டேஷன் பின்னாடி தாதர் போய் ஃபாஸ்ட் பிடிக்கலாமே" என்று நான் முனகுவதற்குள், கோமதி வாசல் கம்பியை ஐந்து விரலாலும் பற்றி ஏறிவிட்டாள்.

"இதுவும் போய்ச் சேரும். ஏறுங்கோ!"

உல்லாஸ்நகர் வரை பத்தொன்பது ஸ்டேஷன். சத்தியமாகச் சொல்கிறேன், ஓரிடத்தில்கூட நான் தள்ளவில்லை.