பொடி எழுத்து வக்கீல்

நிதி நிறுவன விளம்பரங்களுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது போல நிபந்தனைகள் இருக்குமே, அவற்றை எழுதுவதில் எங்கள் சித்தப்பா கில்லாடி. வக்கீலாக வருடக்கணக்கில் அதைத்தான் செய்தார். கோர்ட்டில் அவருக்குப் 'பொடி எழுத்து' என்றே பெயர். அப்படிப்பட்டவரைத்தான் அரசாங்கம் கூப்பிட்டு, அதே நிறுவனங்களைக் கண்காணிக்கும் அதிகாரியாக உட்கார வைத்தது.

முதல் விசாரணைக்கு வந்த ஒரு முதலாளியிடம் அவருடைய விளம்பரத்தை நீட்டி, "அடியில இருக்கறதக் கொஞ்சம் படிங்க" என்றார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படிக்க முடியல சார். ஆனா வாசகம் உங்களோடதுதான். எல்லா கம்பெனியும் உங்களத்தான் காப்பி அடிச்சிருக்கோம்."

உதவியாளர்கள் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது.

"அதனாலதான் எங்க எத மறைச்சிருக்குன்னு எனக்குத் தெரியுது" என்றவர், வட்டி விகிதத்தை எத்தனை பெரிதாக அச்சிடுகிறார்களோ, நிபந்தனைகளையும் அத்தனை பெரிதாக அச்சிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மறுவாரம் அந்த நிபந்தனைகள் செய்தித்தாளில் முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டு வந்தன. சித்தி ஒரு வரி விடாமல் படித்து முடித்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு இப்பதாங்க எனக்குப் புரியுது" என்றாள்.

சித்தப்பா அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.