அந்தக் கூடைக்குள் ஒரு கொழுந்துகூட இல்லை

போன வருடம் ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் தலைக்கேறும்.

நான் ராகலை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்றில். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நன்றாகப் படம் வரைவேன். பிறகு கடை வேலை, கலியாணம், பிள்ளைகள் என்று ஆனதும், பேனா பிடிப்பதே பில் எழுத மட்டும்தான் என்றாகிவிட்டது.

கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் ஒரு தடவை பழைய கமரா ஒன்றைக் கொண்டுவந்தார். விற்கத்தான் கொண்டுவந்தார். நான் விடவில்லை. "நாப்பது வயசுல நாய்க்குணம்னு சொல்லுவாங்க, ஒனக்குக் கமராக்குணம் வந்திருக்கு" என்று சிரித்தார். சிரிக்கட்டும். லீக்ஸ் மூட்டை ஏற்றும் லொறி, மழையில் நனைந்த கோயில் நாய், லயத்துக் கூரைப் புகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். செத்துப்போச்சு என்று நான் நினைத்திருந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்த மாதிரி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் என் மதினியுடையது. மதினி என்றால் என் அண்ணன் மனைவி, அந்த ஹோட்டலுக்குக் கீழே இருக்கிற மலையில் கொழுந்து பறிக்கிறார். மழை நாள். கொழுந்து நிறுக்கிற இடம். முதுகில் சாக்கு, தலையில் பொலித்தீன். ஈரத்துக்கென்று சொல்லி, நிறுக்கிற கணக்கப்பிள்ளை எடையை எவ்வளவு குறைக்கப்போகிறார் என்று மதினி தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பார்வைக்கு முன்னால் யாரும் பொய் சொல்ல முடியாது.

தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் போட்டோ போட்டி என்று அந்த ஹோட்டலில் அறிவித்தார்கள். அனுப்பினேன். கலந்துகொண்ட எல்லாரையும் பரிசளிப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடையில் புதுச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் வரிசையாகப் படங்கள். என் படத்தை மட்டும் காணோம்.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். நல்ல தமிழ் பேசுகிற மனிதர்தான். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, முதுகுல சாக்கு. கூடை இல்லை. அந்தம்மா சிரிக்கவும் இல்லை. இது டூரிஸ்ட் வர்ற இடம்" என்றார்.

"இப்ப எங்க மலையில யாருங்க கூடை கட்டுறாங்க?" என்றேன்.

அவர் முதல் பரிசுப் படத்தைக் காட்டினார். "இப்படி இருக்கணும்."

பார்த்தேன். சிவப்புச் சேலை, முதுகில் புத்தம்புதுப் பிரம்புக் கூடை, இரண்டு கையிலும் தளிர், முகம் நிறையச் சிரிப்பு. என் மதினி!

"இவங்க என் அண்ணன் பொண்டாட்டி. இந்தப் படத்துல நிக்கிறதும் இவங்கதான், நீங்க வேணாம்னு தள்ளின படத்துல நிக்கிறதும் இவங்கதான். ஒங்களுக்கு ஆளு வேணும், ஆளோட மூஞ்சி மட்டும் வேணாமா?" என்று கத்தியே விட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. "கோபப்படாதீங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் அந்த மனிதர். அந்த ஹோட்டல் டீ எனக்கு வேண்டாம் என்று இறங்கி நடந்தேன்.

நேராக லயத்துக்குத்தான் போனேன். மதினி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். "ஏன் மதினி போய் நின்னீங்க?" என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

"ஞாயித்துக்கெழம ஹோட்டல்காரங்க சேலையும் கூடையும் கொண்டாந்து நிக்கச் சொன்னாங்க, நின்னேன். சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். அந்தக் கூடைக்குள்ள ஒரு கொழுந்துகூட இல்ல புள்ள, பாரமே இல்லாம சிரிக்கிறதுக்கு என்ன?" என்றார். பிறகு, "ஒன் படம் எங்க?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நானும் கமராவை விற்கப்போகிறேன் என்றேன். அதுவரை சாதாரணமாக இருந்த மதினிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கோடரியைக் கீழே போட்டார். "அவன் யாரு வேணாம்னு சொல்ல? அது என் மூஞ்சி. எனக்கு வேணும், கொண்டா."

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். உள்ளே சாமிப் படத்துப் பக்கம் மாட்டுவார் என்று நினைத்தேன். வெளிச் சுவரில், பாதையைப் பார்த்து மாட்டினார். "கணக்கப்பிள்ளை ஐயா இந்தப் பக்கமாத்தான் போவாரு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் அந்தச் சுவரடியில் நின்றார்கள். எல்லார் முதுகிலும் அவரவர் சாக்கு. வேலையில்லாத நாளில் எதற்குச் சாக்கு என்று கேட்டேன். "எங்களையும் எடு புள்ள. ஆனா சிரிங்கன்னு மட்டும் சொல்லிறாத" என்றார் ஒருவர்.

கமராவை நான் விற்கவில்லை. அன்றைய கோபமும் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டால் நானும் ஒருநாள் யார் முதுகிலாவது வெறுங்கூடையைக் கட்டிவிட்டுச் சிரிக்கச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அதை ஆறவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.