லண்டன் சோதனை என்னாச்சு?

1930களில் மதுரையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். இறந்தவர்கள் மீடியம் என்கிற ஆவி அழைப்பவர் வழியாகப் பேசுவது மெய்தானா என்று லண்டனில் விஞ்ஞானிகள் சோதிப்பதாகக் கடைசிப் பக்கத்தில், சிரிப்புத் துணுக்குகளுக்கு நடுவே போட்டிருந்தோம்.

அதன்பிறகு சமயநல்லூரிலிருந்து ஒருவர் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். நெட்டையான ஆள். வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிக் கோட்டு. பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திருப்புவார்.

"அந்தச் சோதனை என்னாச்சு தம்பி?"

ஆசிரியரிடம் கேட்டேன். "பேய் பேசுச்சுன்னா செய்தி. சோதனை முடிவை எவன்யா படிப்பான்?" என்றார்.

வந்தவரிடம், "பொய்யாத்தான் இருக்கும்ணே" என்றேன்.

"அதையாச்சும் அச்சுல போடுங்க. செத்த மகனுக்கு எம் பொஞ்சாதி தினமும் எலை போட்டு வைக்கிறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. பேப்பர்ல வந்தது பொய்யாகுமாங்குறா."

அடுத்த வாரம் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அமெரிக்காவில் ஓர் ஆவி பியானோ வாசித்ததாக ஆசிரியர் போட்டு நிரப்பினார்.

சனிக்கிழமை அவர் வந்து அதைப் படித்தார். அந்தத் துணுக்கை மட்டும் கிழித்து, மடித்து, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை.

மனைவியிடம் காட்டவா, மறைக்கவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.