உலர்ந்த சட்டை

இறைச்சியைத் தாளில் சுற்றி நூலால் கட்டிய பிறகும் பொட்டலத்தைக் கொடுக்கமாட்டார் ஃபின்பார் கியோஹேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள் கடைக்குள் வந்தால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “எங்க மலாக்கி சித்தப்பாவை நீங்க பாத்திருக்கீங்களா?”

எங்கள் ஊரான கில்பிரானக்கில் இந்தக் கேள்வி அலுத்துப்போன விஷயம். “சாப்ஸ் வாங்க வந்தா சாட்சி சொல்லிட்டுப் போகணுமா?” என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்கமாட்டார். ஆறடி உடம்பு, கன்றுக்குட்டியைப் போன்ற கண்கள்.

இங்கிலீஷ் பட்டாளத்தை எதிர்த்த கலகத்தில், துப்பாக்கிகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திய பத்தொன்பது வயது மலாக்கி, குண்டடி பட்டுத் தண்ணீரிலேயே செத்தான் என்பது அந்தக் குடும்பத்துக் கதை. கலகத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஊர் எழுப்பும் நினைவுக் கல்லில் அவன் பெயரும் இடம்பெறவேண்டும் என்று அலைந்தவர் ஃபின்பார்தான். ஆனால் ஆற்றில் எந்த இடம் என்று கேட்டால், ஒருவர் பாலம் என்றார், இன்னொருவர் மாவு மில் என்றார். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஹன்னா பெக்லி என்ற கிழவி வந்தார். அவருக்கு அடுத்து நான் நின்றிருந்தேன். வழக்கமான கேள்வி வந்தது. கிழவி பொட்டலத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“ஆத்துல செத்தவன்னா நனைஞ்சிருக்கணும்ல, தம்பி? எங்கம்மாவும் நானுந்தான் அவனைக் குளிப்பாட்டினோம். சட்டை உலர்ந்திருந்துச்சு. குண்டு பின்மண்டையில.”

“யாரு சுட்டது, பெரியம்மா?”

“நம்ம ஆளுங்கதான். காட்டிக் கொடுத்துட்டான்னு சொன்னாங்க. அவன் இல்லன்னு அப்புறம் தெரிஞ்சுது.” வாசல்வரை போனவர் நின்றார். “வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் வீட்டைவிட்டு வந்திருக்கமாட்டான். உங்கப்பா கூப்பிட்டாரு, வந்தான்.”

ஃபின்பார் எனக்கு இறைச்சி வெட்டினார். கேட்டதைவிட இரண்டு மடங்கு வெட்டிவிட்டார். அதையே வாங்கிக்கொண்டேன்.

அவருடைய அப்பா டேட் கியோஹேனுக்கு எண்பது வயது. பழைய போராளி. ஊர்வலத்தில் எப்போதும் முன்வரிசை. அன்று சாப்பாட்டு மேஜையில், சித்தப்பா செத்த அன்றைக்கு மழையா என்று மட்டும் ஃபின்பார் கேட்டாராம். “நல்ல மழை. ஆறு பொங்கி ஓடுச்சு” என்று சொல்லிவிட்டு, கிழவர் உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது ஃபின்பார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பின் கடையில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

கல்லில் எழுத்து வெட்டுகிறவர் வந்து மலாக்கி பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தார். சரிதான் என்றார் ஃபின்பார்.

திறப்பு நாளன்று பாதிரியார் ஜெபித்தார், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். மலர் வளையம் வைக்க டேட் கியோஹேனை அழைத்தார்கள். மார்பில் பதக்கம், ஒரு கையில் வளையம். மேடைப்படியருகே வந்ததும், மறு கையைத் திரும்பிப் பாராமலே மகன் பக்கம் நீட்டினார்.

ஃபின்பார் தன் இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.