பிடித்து நிற்க ஒரு சவுக்கு

போன மாதம் மகளோடு அந்தக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். பாகூருக்குக் கிழக்கே, முன்பு சவுக்குத் தோப்பாக இருந்த இடம். இப்போது டிக்கெட், பெஞ்சு, பறவைப் படம் போட்ட பலகை, வாசலில் வாடகை சைக்கிள் எல்லாம் வந்துவிட்டன. காய்ந்த சருகும் உப்புக் காற்றும் கலந்த அந்த வாசனை வந்தது பாருங்கள், என் முழங்கை அரித்தது. சவுக்குக்காய் குத்திக் குத்தித் தழும்பான முழங்கை.

எழுபதுகளில் நான் அந்தப் பக்கத்துக் கிராம நர்ஸ். சோரியாங்குப்பத்துக்கு நடந்தே போவேன். நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து தூளியில் தூங்கிக்கொண்டிருக்கும். மேலதிகாரி அம்மாள் ஒரு லேடீஸ் சைக்கிளைக் கொடுத்து, மாதக் கடைசிக்குள் ஓட்டாவிட்டால் கேரளக் கரையில் இருக்கும் நம் புதுச்சேரியின் மாஹேவுக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார். அப்பாவோ படுத்த படுக்கை. அவரையும் விட முடியாது, வேலையையும் விட முடியாது.

தெருவில் விழுந்தால் ஊர் சிரிக்கும். தோப்பில் விழுந்தால் சருகு தாங்கும். என்னோடு படித்த மைமூன், மளிகைக்கடைக்காரர் மகள், சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடி வருவாள். நான் அலுத்து உட்கார்ந்தால் விடமாட்டாள்.

"இன்னாடி, மாஹேவுக்குப் போயி மலையாளத்துல பிரசவம் பாக்கப் போறியா? ஏறு."

ஏறினேன். ஓட்ட வந்துவிட்டது. ஆனால் சவுக்கு நூல் பிடித்தாற்போல் வரிசையாக நட்டது; எனக்கு நேராகப் போகத்தான் தெரியும். நிற்க வேண்டுமென்றால் எட்டி ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்வேன். பிரேக் என்று ஒன்று இருப்பதை நான் மதித்ததே இல்லை.

அந்த அம்மாள் பார்க்க வந்த நாளில் ரோட்டில் ஏறினேன். ரோடு வளைந்தது, நான் வளையவில்லை. கரும்புக் கொல்லைக்குள் புகுந்து, கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் கீறல். சைக்கிளை வெளியே இழுத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் மறுபடி ஏறினேன்.

"போதும்மா, எறங்கு. மாஹேக்காரங்க பாவம், நீ இங்கயே இரு" என்றார்.

இப்போது அந்த வரிசைகள் இல்லை. புயலில் பாதி, வெட்டில் மீதி போய்விட்டது. பூங்காவின் சிமெண்டுப் பாதை முழுக்க வளைவுதான். மைமூனும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகள் தடுக்கத் தடுக்க வாடகை சைக்கிள் எடுத்தேன். இப்போது எனக்கு நன்றாகவே வளைக்க வரும். நிறுத்த நினைத்தபோது மட்டும் இடது கை தானாக நீண்டது. எட்டும் தூரத்தில் மரம் இல்லை. பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்றேன். பின்னாலிருந்து "ஏறு" என்று யாரும் சொல்லவில்லை. நானே ஏறினேன்.