அடுத்தவள் பிள்ளையின் தலை

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தத் தாயும் தன் பிள்ளையின் தலையைத் தொடக்கூடாது. அடுத்தவள் பிள்ளையின் தலையைத்தான் பார்க்க வேண்டும்.

பேன் பார்ப்பதைத்தான் சொல்கிறேன். வாவிக்கரைப் பக்கம் உள்ள வேப்பமரத்தின் கீழ் வகுப்பு வாங்குப் பலகைகளை இழுத்துப் போட்டு, தாய்மார் வரிசையாக இருப்போம். கையில் பேன் சீப்பு, மடியில் வெள்ளைத் துணி. முன்னால் பாயில் பிள்ளைகள். யாருக்கு முன்னால் யார் பிள்ளை என்பதை ரீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். அது பிறகு மாறவேயில்லை.

மூன்றாம் வகுப்பு ரீச்சர்தான் இதைத் தொடங்கினார். அக்கரையிலிருந்து தினமும் பாதையில் வருகிறவர். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. காற்றடித்தால் அது ஓடாது. ரீச்சரும் வரமாட்டார்.

அந்த வருடம் தொடங்கியபோது பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிரச்சினை வந்தது. என் மகளின் வகுப்பில் ஒரு சிறுமி. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தகப்பன் வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை சின்னம்மா வீட்டில் வளர்ந்தது. அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து பேன் உதிர்கிறது, தனி வாங்கில் வையுங்கள் என்று கடைக்காரர் வீட்டம்மா எழும்பிச் சொன்னாள். சின்னம்மாவும் அங்கேதான் இருந்தாள். கைக்குழந்தையின் காலைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

ரீச்சர் அடுத்த வெள்ளி எல்லாத் தாய்மாரையும் வரச் சொன்னார். வந்து பார்த்தால் அவரே வாங்கின் முன்னால் பாயில் இருந்து, கொண்டையை அவிழ்த்து விட்டிருந்தார்.

"பேன் எல்லார் தலையிலயும்தான் இரிக்கி. முதல்ல என்ட தலையப் பாருங்க."

ஒருவரும் அசையவில்லை. படித்தவரின் தலையில் எப்படிக் கைவைப்பது? சண்டையில் இடம்பெயர்ந்த வருடம் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூட வாசலில் காலை வைத்தாலே யாரோ கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று உள்ளங்கை வேர்க்கும். கடைசியில் எழும்பிப் போனது அந்தச் சின்னம்மாதான். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, ரீச்சரின் உச்சியைப் பிரித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"இஞ்ச பாருங்ககா. இது படிச்ச பேன். பாதையில ஏறி வந்திரிக்கி."

ரீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். கடைக்காரர் வீட்டம்மா கூட.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு வழக்கமாயிற்று. பிள்ளையின் தலையில் கண்ணை வைத்துக்கொண்டு கதைக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அதனாலோ என்னவோ, ஒருவருக்கொருவர் கதைக்காமல் இருந்தவர்கள்கூடக் கதைத்தார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வயிற்றோடு இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாடு சமைக்கிற முறை வந்தவர்களில் யாருக்கு ஏலாது, யார் மாறிக்கொள்வது எல்லாம் அங்கே தீர்ந்தது. மழைக்குப் பாதை நின்ற நாட்களில் நாங்களே பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிக்க விட்டோம். நானும் ஒரு நாள் கரும்பலகையில் எழுதினேன். எழுத்துப் பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் வெண்கட்டி இரண்டு தரம் உடைந்தது.

அந்தச் சிறுமியின் தலை எனக்கு. என் மகளின் தலை சின்னம்மாவுக்கு.

சின்னம்மாவின் கை மெத்தென்ற கை. வீட்டில் நான் சீப்பை எடுத்தாலே அழுகிற என் மகள், அவளின் முழங்காலில் சாய்ந்து தூங்கிப்போவாள். சின்னம்மா சிரிக்கச் சிரிக்கப் பகிடி விட்டுக்கொண்டு, தூங்கும் பிள்ளையின் முடியை ஒவ்வொரு இழையாகப் பிரிப்பாள்.

மாரி முடிந்த பிறகு ஒரு வெள்ளி, சிறுமியின் இடது காதுக்கு மேலே ஒரு பொருக்கைக் கண்டேன். சொறிந்து வந்ததாக்கும் என்று விட்டேன். அடுத்த கிழமை பின்னந்தலையில் இன்னொன்று. அந்த இடத்தில் முடி இல்லை.

"அதில சீப்பு வைக்காதீங்க மாமி."

"என்ன புள்ள இது?"

"விழுந்திட்டன்."

"எங்க?"

"கிணத்துக் கட்டில."

மறு கிழமையும் ஒன்று இருந்தது. அது படிக்கட்டில் விழுந்ததாம். அவர்கள் வீட்டுக்குப் படிக்கட்டே கிடையாது. காயம் வளைந்து, அகப்பையின் விளிம்பு போல இருந்தது. பக்கத்து வாங்கில் சின்னம்மா சிரித்துக் கதைப்பது கேட்டது. அந்தக் குரலுக்குச் சிறுமியின் தோள் இறுகுவதை என் முழங்கால் உணர்ந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார்.

"பாம்பு வருமெண்டு போன மாசம் கட்டிலுக்குக் கீழ உப்புப் போட்டாய். பாதை தாழுமெண்டு மகள அக்கரைத் திருவிழாக்கு விடல்ல. இப்ப இதா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு உள்ள கரைச்சல் இதுதான். எந்தப் பயம் உண்மையானது என்று மற்றவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்தக் கிழமை முழுக்க நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

பிறகு ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சின்னம்மாவோடு சேர்ந்து நடந்தேன். பிள்ளைகள் முன்னால் போனார்கள். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாற, அவளே நின்றாள்.

"என்னகா அப்பிடிப் பாக்காய்? தலையில கண்டிட்டியாக்கும்."

நான் தலையை ஆட்டினேன்.

"ஓம், அடிச்சனான். நீ உன்ட புள்ளைக்கு அடிக்கிறல்லையா? நாலு பேருக்கு ஆக்கிப் போட்டு, கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு, தண்ணிக்கும் நான்தான், விறகுக்கும் நான்தான். அவ குவைத்தில இருந்து போன்ல கொஞ்சுவா. கொஞ்சுறதுக்கு அவ, அடிக்கிறதுக்கு நான்."

"தலையில வேணாமே கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இனி அடிக்கல்ல, போ." என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அந்தக் கை அப்போதும் மெத்தென்றே இருந்தது. நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

அடுத்து வந்த வெள்ளி சிறுமி தலையைப் பின்னி, றிபனால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அவிழ்க்க விடவில்லை. "இண்டைக்குப் பேன் இல்ல மாமி," என்றாள். மெதுவாக அவிழ்த்தேன். உச்சிக்குப் பின்னால் முடியும் இரத்தமும் சேர்ந்து கட்டியாகியிருந்தது. ஓரத்தில் இன்னும் ஈரம். சீழ் நாற்றம். மடித்துணியில் பேனுக்குப் பதிலாக மஞ்சளாக ஏதோ சொட்டியது.

நான் துணியைச் சுருட்டிக்கொண்டு எழும்பினேன். பிள்ளையின் கையைப் பிடித்து, வரிசையைக் கடந்து, ரீச்சரிடம் போனேன். சின்னம்மாவின் பகிடி பாதியில் நின்றது. என் மகள் அவள் முழங்காலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரீச்சர் காயத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க சொன்னதா ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார். நல்ல மனம். ஆனால் யார் தலையை யார் பார்ப்பது என்று ஊருக்கே தெரியும்.

ரீச்சர் அறிவித்ததில், பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் விடயம் பார்க்கிற இரண்டு பேர் பாதையில் வந்தார்கள். விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நீதிமன்றத்தில் கொடுத்த தீர்ப்பு, தாய் வரும்வரை பிள்ளை நகரத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்பது. சின்னம்மாவை எச்சரித்து விட்டார்கள். சிறுமி பள்ளிக்கூடப் பையோடு பாதையில் ஏறி நின்றாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பாதை அக்கரை போய்ச் சேரும்வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

குவைத்திலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. என் நம்பரை யார் கொடுத்தார்களோ. "என்ட புள்ளைக்கு ஆக்கள் இருந்தாங்க. நீங்க அனாதையாக்கிட்டீங்க," என்று தொடங்கியது. கடைசிவரை ஒரு தரம் கேட்டேன். அழித்துவிட்டேன். அழித்தாலும் கேட்கிறது.

அதற்குப் பிறகு வந்த வெள்ளி, வாங்குகள் போட்டபடி இருந்தன. பாதித் தாய்மார் வரவில்லை. வந்தவர்களில் ஒருத்தி தன் மகனைத் தன் முன்னாலேயே இருத்திக்கொண்டாள்.

"சட்டம் அப்பிடி இல்லையே," என்றார் ரீச்சர்.

"என்ட புள்ளையில கம்பி கீறின காயம் இரிக்கி ரீச்சர். அதப் பாத்திட்டு ஆரும் அறிவிச்சா? எனக்கு ஏலா."

அவள் என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். கடைக்காரர் வீட்டம்மா பேன் மருந்து விற்கத் தொடங்கியிருந்தாள். அதை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றாள். இன்னும் கொஞ்ச நாளில் ரீச்சர் மட்டும் மரத்தடியில் இருந்தார். பிறகு வாங்குகளும் வகுப்புக்குள் போயின. சமையல் முறை மாறிக்கொள்வதும் நின்றது. ஏலாதவள் ஏலாதவளாகவே வந்து அடுப்பூதினாள். பாதை ஓடாத நாளில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

சின்னம்மா என்னைக் கண்டால் கோபிப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. தலையை மட்டும் குனிந்துகொள்வாள், அந்தக் கூட்டத்தில் குனிந்தது போல.

வீட்டில் மகளுக்கு நானே பேன் பார்க்கிறேன். அவள் அழுகிறாள். "அவ பாத்தா நோகாது," என்கிறாள். அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சீப்பை இழுக்கிறேன்.

சிறுமியைப் பார்க்க ரீச்சர்தான் என்னை இல்லத்துக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை, பார்க்க விடுகிற நேரம். வழியெல்லாம் எனக்குப் பயம். என்னை அவள் பார்க்க மாட்டேன் என்றால்? பார்த்து அழுதால்?

அவள் அழவில்லை. தலையை ஒட்ட வெட்டி விட்டிருந்தார்கள். அங்கே புதிதாக வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தானாம், பேனுக்காக. நான் கொண்டுபோன பனங்காய்ப் பணியாரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"இப்ப உங்களுக்கு முன்னால ஆர் மாமி இருக்கிற?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப உங்கட மகள்ர தலைய?"

"நான்தான் பாக்கிறன்."

"அது சரிவராதே. சொந்தப் புள்ளையப் பாக்கக்கூடாதே," என்றாள்.

ரீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறுமி நாற்காலியை விட்டிறங்கி, பழக்கத்தில், என் முன்னால் நிலத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். நான் விரல்களால் பார்த்தேன். காதுக்கு மேலே, பின்னந்தலையில், உச்சியில் என்று பழைய இடங்கள் எல்லாம் வெள்ளையாகத் தழும்பாகியிருந்தன. அவற்றில் இனி முடி முளைக்காது. புதிதாக ஒன்றும் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை.

பார்ப்பதற்கு அந்தத் தலையில் முடியே இல்லை. "இன்னும் பாருங்க," என்றாள். நேரம் முடிந்தது என்று மேற்பார்வையாளர் வந்து சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.