கிரேன் கோவிந்தசாமிக்கு இறங்காத சோறு

கோவிந்தசாமி காலமாகிவிட்டார் என்று காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் சொன்னதும், "கடைசியா இன்னா துன்னாரு?" என்றுதான் நான் கேட்டேன். என் சந்தேகப் புத்தி அப்படிப்பட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். கீழே நின்று கைகாட்டியவன் நான். பளுவை முட்டை வைப்பதுபோல் இறக்குவார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தூக்குச்சட்டியோடு தனியே போய்விடுவார். எங்களோடு உட்கார என்ன கேடு என்று எரிச்சலாயிருக்கும். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டே ஒரு கவளம், ஒரு செம்புத் தண்ணீர். சற்று நேரத்தில் தின்ற சோறு அப்படியே வெளியே வந்தது.

"இங்க வந்து நிக்கிது நைனா. எறங்க மாட்டேங்குது" என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினார்.

காலடிப்பேட்டையிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்சவேணி மேல் என் சந்தேகம் பாய்ந்தது. "உன் சம்சாரம் சோத்துல மருந்து வச்சிகீது" என்றேன். இடுமருந்து எடுப்பவரிடம் நானே அழைத்துப் போனேன். அந்த ஆள் கோவிந்தசாமியின் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டினார். அன்றோடு கோவிந்தசாமி வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. கல்மண்டபத்து ஓட்டல் சோறும் நெஞ்சிலேயே நின்றது. ஒன்பது மாதத்தில் சட்டை தொளதொளத்தது.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். சோறு தானாக விழுவதில்லையாம். உணவுக்குழாய் மேலிருந்து கீழே பிழிந்து பிழிந்து தள்ளுமாம். விழுங்கும்போது அடியிலுள்ள வாய் திறந்து வழிவிட வேண்டுமாம். இவருக்குக் குழாய் தள்ளவுமில்லை, அந்த வாய் திறக்கவுமில்லை. "யாரும் எதையும் கலக்கவில்லை" என்றார். டாக்டருக்கு யாராவது கையூட்டு கொடுத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன், பாவி.

கோவிந்தசாமி மட்டும் அழுதார். "அவ கையால கஞ்சி குடிக்கணும்பா" என்று நேரே வீட்டுக்குப் போனார். ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள், குழாயில் தேங்கிக் கிடந்தது நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது. உடம்பில் தாங்கச் சத்தில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம். அம்சவேணி கை நிறைய அரிசியோடு வந்து, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து நின்றார்.

"நான் போடலாமா அண்ணே?"

நான் விலகி வழிவிட்டேன். அவர் போட்டார்.

போய் வாருங்கள், கோவிந்தசாமி. ஒன்பது மாதம் உங்கள் வீட்டுச் சோற்றை உங்களிடமிருந்து பறித்தவன் நான்.